ஆமாம் சொல்லும் தலை

"என் தலையைப் பாக்காதீங்க. வாயைப் பாருங்க."

நரம்பியல் வார்டுக்குள் புதிதாக எந்த உறவினர் நுழைந்தாலும் தலைமை நர்ஸ் வெலிச்கா சொல்லும் முதல் வார்த்தை இதுதான். நோயாளியின் பெயர், உறவுமுறை, செருப்புக்கு மேலே நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டுவது எல்லாம் அப்புறம். இதைச் சொல்லும்போதே அவருடைய தலை இடமும் வலமுமாக, அவசரமில்லாமல், ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் சரி என்பார்கள். அடுத்த நிமிஷமே தலையைத்தான் பார்ப்பார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? பல்கேரியாவில் தலையை இடம் வலமாக ஆட்டினால் ஆமாம். மோவாயை வெடுக்கென்று மேலே தூக்கி நாக்கால் 'ட்ச்' கொட்டினால் இல்லை. ரொடோபி மலைப்பக்கத்துக் குழந்தைகள் பேச்சு வருமுன்பே இதைக் கற்றுக்கொண்டுவிடும். வெலிச்காவின் தலை நாற்பது வயதுக்கு மேல் ஒருநாள் தானாக ஆட ஆரம்பித்தது. அன்று முதல் ஊரில் யார் எதைக் கேட்டாலும் அவர் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதனால் வந்த வினைகள் கொஞ்சநஞ்சமல்ல. குடியிருப்போர் கூட்டத்தில், மாடிப்படிச் சுவருக்குக் கத்தரிப்பூ வண்ணம் அடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெலிச்காவின் தலையைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் தலையாட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் படியில் ஏறும்போதெல்லாம் மேல்மாடிக்காரர் அவரை முறைக்கிறார். இலையுதிர்காலத்தில் சந்தைக்குப் போனால் மிளகாய்க்காரன், "இன்னும் கொஞ்சம் போடட்டுமாக்கா?" என்பான். வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் தலை சம்மதம் கொடுத்துவிடும். அவர் வீட்டு நிலவறையில் இருக்கும் சுட்டு உரித்த குடைமிளகாய் ஜாடிகள் ஒரு பட்டாளத்துக்குப் போதும்.

கணவர் ஸ்தாமென் பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு மட்டும் இதில் ஏகப்பட்ட சந்தோஷம். "கல்யாணமான நாள்லேர்ந்து எதுக்கெடுத்தாலும் முடியாதுன்னே சொன்னவ. இப்பத்தான்யா என் பேச்சுக்குத் தலையாட்டுறா. வைத்தியம் கிய்த்தியம் பாத்துக் கெடுத்துடாதீங்க" என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறார்.

"தலையை நீ வெச்சுக்கோ. வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கும்" என்பது வெலிச்காவின் பதில்.

உருவத்தில் அவர் பெரிய ஆகிருதி. பிளம் பழ நிறத்தில் சாயம் போட்ட குட்டை முடி. காதில் தொங்கட்டான் போடுவதில்லை. போட்டால் ஆட்டு மந்தை வருகிற சத்தம் கேட்கிறதாம். கண்ணாடிக்கு மட்டும் கயிறு உண்டு, இல்லையென்றால் அது நோயாளியின் சூப்பில் விழும். ஊசி போடும் கையில் நடுக்கமே கிடையாது. பார்க்கிறவர்களுக்குத் தலையும் கையும் வேறு வேறு ஆளுடையவை என்று தோன்றும்.

மருத்துவ மாணவர்கள் வந்தால் டாக்டர் ஹஜீவ், நோயாளிகளைக் காட்டுவதற்கு முன் வெலிச்காவைத்தான் காட்டுவார். வெலிச்காவும் கூச்சப்படாமல் நடுவில் வந்து நிற்பார். "சிறுமூளைக்கும் கழுத்துக்கும் நடுவுல ஒரு தாளம் போயிட்டு வந்துட்டே இருக்கு. எல்லாருக்கும்தான் போகுது, உங்களுக்குக் கேக்கலை. எனக்குச் சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டாங்க, அவ்வளவுதான். எங்கம்மாவுக்கும் இப்படித்தான். படுத்தா நின்னுடும்." மாத்திரை உண்டா என்று யாராவது கேட்பார்கள். உண்டு, ஆனால் அவருடைய ஆஸ்துமாவுக்கு அது ஆகாது. "ரெண்டு மடக்கு ரகீயா சாராயம் போட்டா அடங்கும். ஆனா அப்புறம் வாய் ஆட ஆரம்பிச்சிடும், அது இதைவிட ஆபத்து."

இப்படித் தன் தலையையே தள்ளி வைத்துப் பார்க்கத் தெரிந்தவர் என்பதால்தானோ என்னவோ, அந்த வார்டில் மற்றவர்களுடைய தலைகளும் அவருக்குப் பிடிபட்டுவிடுகின்றன. தட்டில் பாதியை மட்டும் தின்றுவிட்டு, சாப்பாடு போதவில்லை என்று கத்துகிற கிழவரைப் பிள்ளைகள் திட்டினால், வெலிச்கா வந்து தட்டை அரைச்சுற்றுத் திருப்பி வைத்துவிட்டுப் போவார். கிழவர் மிச்சத்தையும் சாப்பிடுவார். இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அவர் மூளை மறந்துவிட்டிருக்கும்.

போன வருஷம் ஒரு பாதிரியார் வந்து சேர்ந்தார். பக்கவாதத்தில் மொத்தப் பேச்சும் போய், ஒரே ஒரு கெட்டவார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. ஆசீர்வாதம் வாங்க வந்த பக்தைகளுக்கும் அதுவே கிடைத்தது. வெளியே ஓடி வந்து சிலுவை போட்டுக்கொண்டவர்களை வெலிச்கா மடக்கினார்.

"நல்ல வார்த்தையெல்லாம் மூளையில இடது பக்கம் இருந்துச்சு. அங்கதான் அடி விழுந்துச்சு. கெட்டவார்த்தைக்கு ஒதுங்க வேற இடமும் இருக்கு, அதான் பொழைச்சுக்கிச்சு. அவரு உங்களைத் திட்டலை. உங்களைப் பாத்த சந்தோஷத்துல பேசுறாரு. உள்ள போய் வாங்கிக்குங்க."

போய் வாங்கிக்கொண்டார்கள்.

"அவரு பண்ணலைங்க, அவரு மூளை பண்ணுது." இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று அவருக்கே தெரியாது. ஒரு பெண்மணி எரிச்சலாக, "அப்ப அவரு யாரு, அவரு மூளை யாரு?" என்று கேட்டுவிட்டார். "அதை டாக்டர்கிட்ட கேளுங்கம்மா. எனக்கு ஊசி போடுற வேலை இருக்கு" என்று நகர்ந்துவிட்டார் வெலிச்கா.

இந்த மார்ச்சில் மலைமேல் ஒரு கிராமத்திலிருந்து மிஞ்சோ என்ற ஆட்டுக்காரரைக் கொண்டுவந்தார்கள். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு. இடது கையும் காலும் மரக்கட்டை. ஆனால் பேச்சில் ஒரு குறையும் இல்லை, வாய் வங்காளம் போகும். மனைவி தோன்கா, குள்ளமாய், கெட்டியாய், எப்போதும் ஆட்டுக்கம்பளி வாசனையோடு, கட்டிலை விட்டு அகலாமல் உட்கார்ந்திருந்தார். மார்ச் மாத வழக்கப்படி சிவப்பும் வெள்ளையுமாய்த் திரித்த நூலைக் கணவரின் இடது மணிக்கட்டில் கட்டிவிட்டார். மிஞ்சோ அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன் கையை எடுடி, பாரமா இருக்கு."

"உங்க கைதான்யா அது!"

"என் கை எனக்குத் தெரியாதா? எடு."

தோன்கா விழுந்து விழுந்து சிரித்தார். மனுஷன் எந்த நேரத்திலும் வேடிக்கை பேசுகிறவர். பக்கத்தில் நின்ற வெலிச்கா சிரிக்கவில்லை. கையும் காலும் செத்திருப்பது அவற்றுக்குரியவருக்கே தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்கிற இடமும் சேர்ந்து போய்விட்டது என்பது அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

டாக்டர் ஹஜீவ் பொறுப்பான மனிதர். அலைந்து திரிந்து, வெந்நீர் ஊற்று இருக்கும் ஊரில் பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரி ஒன்றில் மிஞ்சோவுக்கு இடம் பிடித்தார். தோன்காவை உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னார். "வசந்தம் முழுக்க, கோடை முழுக்க அங்க பயிற்சி கொடுத்தா கைத்தடியோட நடப்பாரு. நடப்பாருன்னுதான் நான் நினைக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவெச்சா புண்ணு வரும், கால் மடங்கி இறுகிடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. திங்கட்கிழமை போகலைன்னா அந்த இடம் போயிடும்."

தோன்கா அசையவில்லை. மே மாதம் கியோர்கி திருநாள் வருகிறது. அன்றைக்கு மந்தையை மேய்ச்சலுக்கு மலையேற்ற வேண்டும், ஆட்டுக்குட்டி அறுத்துப் பொரித்து ஊரோடு சாப்பிட வேண்டும். மிஞ்சோ எழுந்துவிடுவார், பிறகு எதற்கு ஊர் விட்டு ஊர்?

"யாரும்மா சொன்னாங்க எழுந்துடுவாருன்னு?"

"அவரே சொல்றாரே, காலுக்கு ஒண்ணுமில்லைன்னு. சிஸ்டரைக் கேட்டேன், அவங்களும் ஆமாம்னுட்டாங்க."

டாக்டர் வந்து இதைச் சொன்னதும் வெலிச்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே ஓடினார். "அக்கா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவரு எழுந்திருக்க மாட்டாரு. அந்த ஊருக்குப் போயே ஆகணும்." தலை ஆமாம் ஆமாம் என்று ஆடியது.

தோன்கா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்குப் புரியுது சிஸ்டர். டாக்டர் சொல்லிக்கொடுத்ததை வாய் சொல்லித்தானே ஆகணும், உங்க வேலை அப்படி. தலைக்குப் பொய் சொல்லத் தெரியாது."

வெலிச்கா, தலை தானாக ஆடுகிறது என்று விளக்கினார். அதற்கும் தலை ஆடியது. தோன்கா பாவம் பார்த்துப் புன்னகைத்தார். வெலிச்கா அடுத்த அறைக்குப் போய் ஃபோனில் கூப்பிட்டு, குரலை மட்டும் அனுப்பிப் பார்த்தார். "எதுவா இருந்தாலும் நேர்ல வந்து சொல்லுங்க சிஸ்டர்" என்று தோன்கா வைத்துவிட்டார். எழுதிக் காட்டலாம் என்றால் தோன்காவின் மூக்குக்கண்ணாடி கிராமத்தில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெலிச்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஸ்தாமென் கூட வாயை அடக்கிக்கொண்டார். "மத்தவங்க மூளை பண்றதையெல்லாம் ஊருக்கே எடுத்துச் சொல்றேன். என்னோடதை ஒரு ஆளுக்குப் புரியவைக்க முடியலை. அந்த மனுஷன் படுக்கையிலயே போயிட்டார்னா அது என் தலைதான்யா பண்ணினது" என்று சொல்லிவிட்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அந்தத் தலைக்காக அவர் அழுதது அதுதான் முதல்முறை.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி முற்றத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று வெந்நீர் ஊற்று ஊருக்குப் போகிற வெள்ளை வேன். மற்றது மிஞ்சோவின் மைத்துனர் கொண்டுவந்த திறந்த வண்டி, பின்னால் வைக்கோல் பரப்பி மேலே கம்பளி விரித்திருந்தது. தோன்கா துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். வெலிச்கா குறுக்கே நின்றார்.

"வழி விடுங்க சிஸ்டர், வெயிலுக்கு முன்னால மலை ஏறணும்."

"ஏறுங்க. அதுக்கு முன்னால என்னை ஒண்ணு கேளுங்க."

"கேட்டுக் கேட்டுத்தானே பதிலும் வாங்கியாச்சு."

வெலிச்கா அந்த மூட்டையை வாங்கித் தரையில் வைத்தார். பிறகு தோன்காவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னங்களில் பொருத்தினார்.

"பிடிங்க. இதென்ன பிடி, பூப்பறிக்கிற மாதிரி? ஆட்டுக்கு ஊசி போடுறப்ப எப்படிப் பிடிப்பீங்க, அப்படிப் பிடிங்க."

ஆடு என்றதும் தோன்காவின் கைகளுக்குத் தாமாகவே பலம் வந்துவிட்டது. தலை நின்றது. நின்றதே தவிர, உள்ளே ஏதோ ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டிக்கொண்டே இருப்பது உள்ளங்கைகளுக்குத் தெரிந்தது. தோன்காவின் முகம் மாறியது.

"என்னம்மா இது, திமிறுது?"

"அதுபாட்டுக்குத்தான் திமிறும். எப்பவும் அப்படித்தான். நான் ஆட்டலை அக்கா, ஒரு நாளும் ஆட்டலை. விட்டுடாதீங்க. இப்பக் கேளுங்க."

தோன்கா பிடியை இறுக்கிக்கொண்டு கேட்டார்.

"கியோர்கி திருநாளுக்கு எழுந்துடுவாரா?"

அந்த இரண்டு கைகளுக்கு நடுவே வெலிச்கா மோவாயை மேலே தூக்கினார். 'ட்ச்.'

அறைக்குள்ளிருந்து மிஞ்சோவின் குரல் உற்சாகமாகக் கேட்டது. "தோன்கா, பூட்ஸை எடுத்தா. நானே நடந்து வந்து வண்டியில ஏறுறேன்." தோன்கா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் தாரையாக ஓடியது. துடைக்கக் கையில்லை, இரண்டு கைகளும் வெலிச்காவின் முகத்தில் இருந்தன.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"நீங்க சொல்ற ஊருக்குக் கூட்டிட்டுப் போனா? பனிக்காலம் வர்றதுக்குள்ள, தடியை ஊனிக்கிட்டாவது... நடப்பாரா?"

வெலிச்கா வாயைத் திறக்கவில்லை. தோன்காவின் மணிக்கட்டுகளைப் பற்றி, அந்தக் கைகளைத் தன் கன்னங்களிலிருந்து எடுத்துவிட்டார். தலை ஆடத் தொடங்கியது.