லாயின்-லாயினில் போன வேலை

நேற்றோடு எனக்கு வேலை இல்லை. மலேசியாவில் தேர்தல் கருத்துக்கணிப்பு நடத்தும் ஒரு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தேன்.

இன்று காலை புக்கிட் பெலிம்பிங் மளிகைக் கடையில் சரோஜா ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். போன தேர்தலுக்கு முன் அவர் வீட்டில் உட்கார்ந்துதான் கேள்வி கேட்டேன்.

"என்னா தம்பி, எலெக்‌ஷன் வருதுங்கிறாங்க. கேள்வியத் தூக்கிக்கிட்டு வரலியா?"

"வேலை போச்சு ஆன்ட்டி. கணிப்புல நம்ம தமிழாளுங்க எண்ணிக்கை ரொம்பக் கம்மியாம். ரிப்போர்ட்ல இனிமே தனியா காட்ட மாட்டாங்க. மலாய்ல லாயின்-லாயின்னு போட்டு, மத்தவங்களோட மத்தவங்களா சேத்துட்டாங்க. தமிழ்ல கேக்க ஆள் வேணாமாம்."

"அட, எஸ்டேட் லயத்து லாயின் வீட்ட விட்டு வெளிய வந்து இப்பதான் மூச்சு விட்டோம். மறுபடியும் லாயினா?"

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் புள்ளியியல் படித்தவன். கேட்ட ஆட்கள் குறைவென்றால் இன்னும் பலரைக் கேட்க வேண்டும். இவர்கள் கேட்கிறவனை நிறுத்திவிட்டார்கள்.

ஆபீசில் தமிழ் ஆய்வாளர்கள் மூன்று பேர் இருந்தோம். ஷாலினி ரவாங்கில் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். முகிலன் வாடகைக் கார் ஓட்டுகிறான். மிச்சம் இருந்தது நான்தான்.

"அப்ப எங்க மனசுல என்னா இருக்குன்னு அவங்களுக்கு எப்படிலா தெரியும்?"

"தெரியவே வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க ஆன்ட்டி."

அவர் பருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யார் ஆபீசிலாவது ஆய்வாளர் வேலை காலி இருந்தால் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் இனம் கேட்கும் கட்டத்தில் நான் எதை நிரப்புவது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.