பூசணம் பூத்த கடைசி அறை

ஒரகடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் மகன் ஐந்து அறைகள் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். போன ஐப்பசியில் கடைசி அறை காலியானது. லீவு போட்டு அவனே பெயிண்ட் அடித்தான். "இது உனக்குத்தாம்மா. டிவி சத்தம் இல்லாம நிம்மதியா படுத்துக்கோ" என்றான். அதுவரை கூடத்தில் படுத்தவள் நான். அழுகையே வந்துவிட்டது. அதிகம் பேசாதவள், ரேஷன் கடையில் நாலு பேரிடம் நானே போய்ச் சொன்னேன்.

மழை பிடித்ததும் பாய் தலைமாட்டில், சுவரில் மிளகு தூவியது போல் கருப்புப் புள்ளிகள். துடைத்தேன். இரண்டு நாளில் கையகலத்துக்கு வந்தது. பூசணம். விதை போட்டவர் இல்லை, வேரும் தெரியவில்லை. செருப்பு வாரில் பச்சையாக வந்தது, துணிப்பையில் வெள்ளையாக. ஒரு காலை நிலைப்படி ஓரம் சட்டைப் பித்தான் அளவில் நாலு காளான். மதியத்துக்குள் கருத்துத் தண்ணீராகிவிட்டன. செத்துப்போன என் வீட்டுக்காரர் படத்தில் பூசணம் கண்ணாடிக்குள்ளேயே நுழைந்து அவருடைய ஒரு கண்ணை மூடிவிட்டது. எப்படிப் போனது என்று இன்றும் புரியவில்லை. எனக்கு இருமல் பிடித்தது. பிள்ளை ஆசையாகக் கொடுத்த அறை, குறை சொன்னால் மனசு நோகும் என்று வாய் திறக்கவில்லை.

முன்பு அங்கே குடியிருந்த திருநெல்வேலிப் பெண் ஒருநாள் தனக்கு வந்த தபாலை வாங்க வந்தாள். என்னைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஆச்சி, இந்த ரூம்லயா இருக்கிய? பூசணம் வந்துதான நாங்க காலி பண்ணுனோம். கூட இருந்த பிள்ளைக்கு மூச்சிளைப்பே வந்துட்டு. அண்ணன்ட்ட எத்தனை தடவ சொன்னோம்."

எங்கள் பக்கம் பொங்கலுக்குத்தான் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். அடைமழைக் காலத்தில் யாரும் பிரஷ்ஷைத் தொட மாட்டார்கள். அது தெரிந்தும், எனக்காக அவசரப்படுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். கேட்டுவிட்டேன்.

"அந்தச் செவுரு அப்டின்னு உனக்கு முன்னமே தெரியுமாடா?"

தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "தெரியும்மா. யாருக்கும் வுட முடியல. சும்மாதானே கெடக்குது, நீ இருந்துக்கலாம்னு..."

"அந்தப் பொண்ணுங்க காலி பண்ணிகினு போய்ட்டாங்க. நான் எங்கடா போவேன்?"

வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்றான்.

பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன். அவனைக் கேட்கவில்லை. மார்கழிக் குளிருக்கு என்று புதுப் போர்வை ஒன்று வாங்கி வந்து கொடுத்தான். வெளிச்சத்தில் விரித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போர்த்திக்கொண்டேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.