பின்பால் மட்டைக்கு இடுப்பு எலாஸ்டிக்

ரிப்பேர் கடையில் ஸ்குரூ முடுக்குவது கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் "எப்பத் தருவீங்க" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே போய்விடும். ஸ்குரூடிரைவர் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான், சோகக்கதை ஒன்றும் கிடையாது. ரபீக் பாயின் மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்தேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். நானும் பக்கத்தில் நின்று துணியில் ஓட்டை தேட வேண்டும் என்பது அவர் ஆசை.

அப்போதுதான் அம்மாவின் முதலாளி தங்கமுத்து அண்ணன் ஒரு பழைய பின்பால் மெஷினை மினிடோர் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கண்ணாடி போட்ட சாய்வு மேசை. உள்ளே இரும்புக் குண்டு உருளும். அது கீழே விழாமல் இரண்டு மட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவரிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் சின்ன வயதில் இதே கதியாகக் கிடந்தவராம். பையர் வரும்போது புது ஆபீசில் இது ஓட வேண்டும். பாய் வேலையை என் தலையில் கட்டினார். அம்மா சொன்னது இது: "ஓடுச்சுன்னா நீ கடைலயே இரு. ஓடலைன்னா அடுத்த நாளே எங்கூட கம்பெனி பஸ்ல ஏறோணும்."

வெந்த குண்டு

மட்டையை இழுக்கும் காயில் கருகிக் கிடந்தது. புதிதாகக் கட்டினேன். பலமாக அடிக்கட்டுமே என்று கம்பியைத் தடிமனாகப் போட்டேன். கண்ணாடியை மூடவில்லை. பட்டனை அமுக்கியதும் குண்டு மேசையை விட்டே கிளம்பிப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து டீக்கடை மாஸ்டர் ஜல்லிக்கரண்டியில் ஏந்திக்கொண்டு வந்தார். "வடைச் சட்டில விழுந்துச்சு கண்ணு. நல்லா வெந்துருச்சு, எடுத்துக்க."

எஸ், எம், எல், எக்ஸெல்

இரண்டு மட்டைக்கும் மேலே மாட்டும் ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது. இங்கே கிடைக்காது. அளவெடுத்து, ஒரு ஜோடி வேண்டும் என்று வெளிநாட்டு ஆர்டரெல்லாம் பார்க்கிற கம்பெனி மெர்ச்சன்டைசர் பிரவீனிடம் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து பெரிய பார்சல் வந்தது. நாலு அளவில், கலர் கலராக ரப்பர். நடு அளவுகள் அள்ள அள்ள வந்தன. மட்டைக்குப் பொருந்துகிற பெரிய அளவில் மட்டும் ஒன்றே ஒன்று.

கத்தலாம் போலிருந்தது. பிரவீன் நிதானமாகச் சொன்னார்: "சைஸுக்கு இத்தனைன்னு ரேஷியோ போடாம ஒரே சைஸ்ல ஆர்டர் குடுத்தா நம்மள யாருங்க மதிப்பாங்க?"

லேபிள்

ஒரு மட்டைக்கு ரப்பர் ஆச்சு. இன்னொன்றுக்கு, கம்பெனியில் மிஞ்சிய ஜட்டி இடுப்பு எலாஸ்டிக்கை எடுத்தேன். பீகார்க்கார டெய்லர் ராஜு அதை வளையமாக மூட்டிக் கொடுத்தான். அடித்துப் பார்த்தேன். குண்டு ஒழுங்காகத்தான் போனது. என்னை அவன் பாஷையில் அக்கா என்று கூப்பிடுகிற ராஜுவுக்குத்தான் திருப்தியில்லை. "தீதி, இதுக்கு எப்படித் துவைக்கணும்னு வாஷ்கேர் லேபிள் வைக்க வேணாமா?"

யாரோ ஆட்டுறாங்க

கடையில் ஜம்மென்று ஓடிய மெஷின் புது ஆபீசில் வைத்ததும் பொட்டென்று நின்றது. மறுபடி போட்டால் மறுபடி நின்றது. பையர் ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பிவிட்டார். சாப்பாட்டு நேரம் என்பதால் அம்மா வேறு டிபன் பாக்ஸோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வயரெல்லாம் சரி. மெஷினுக்குள் ஒரு சின்னத் தொங்கட்டான் உண்டு. குண்டு விழாமலிருக்க யாராவது மெஷினை ஆட்டி ஏமாற்றினால் அது போய்த் தன்னைச் சுற்றியிருக்கும் கம்பி வளையத்தில் இடிக்கும், ஆட்டம் நின்றுவிடும். தரையில் கை வைத்துப் பார்த்தேன், அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங், துணி பின்னுகிற மெஷின்கள். அந்த அதிர்வில் மெஷின் எங்களையெல்லாம் திருடர்கள் என்று நினைத்துவிட்டது. தொங்கட்டானைக் கழற்றலாம் என்றால், பையர் ஆட்டிப் பார்த்துத்தான் ஒரிஜினல் என்று நம்புவார் என்றார் பிரவீன்.

நிட்டிங்கைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன். தங்கமுத்து அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பையரு வர்றதே நிட்டிங் ஓடறதப் பாக்கத்தான் கண்ணு. வேணும்னா உன்ற மெஷின நிறுத்திக்க."

செக்கிங்

கட்டிங் பக்கம் ஓடி, பனியன் வேஸ்ட்டை அள்ளி வந்து, நாலு காலுக்கும் அடியில் திணித்தேன். மெஷின் நிற்கவில்லை. பையர் வந்தார், கோட்டைக் கழற்றினார், ஆடினார். திடீரென்று இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். ஆட்டம் பொட்டென்று நின்றது. தங்கமுத்து அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பையர் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அப்புறம் குனிந்து மட்டையை உற்றுப் பார்த்து இங்கிலீஷில் என்னமோ கேட்டார். பிரவீன் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "எலாஸ்டிக்ல அவிங்க பிராண்டு பேரு இருக்குதாம். அவிங்க ஆர்டர்ல மிஞ்சுனது இங்க எப்படி வந்துச்சுன்னு கேக்கறாருங்க."

தங்கமுத்து அண்ணன் ஏதோ சொல்லிச் சமாளித்து எல்லாரையும் டீ குடிக்கக் கூட்டிப்போன பிறகு அம்மா வந்து கண்ணாடி வழியாக மட்டையைப் பார்த்தார், துணி பார்க்கிற அதே பார்வை. "தையல் கோணல். எங்கையில வந்திருந்தா ரிஜெக்ட்டு. போய்த் தொல, நீ பஸ்ல ஏற வேண்டாம்."

மொத்தத்தில், ஏமாற்றினால் உடனே நின்றுவிடுகிற மெஷின் எனக்குத் தெரிந்து திருப்பூரிலேயே இது ஒன்றுதான், அதையும் நான் காலுக்கடியில் வேஸ்ட் வைத்து ஏமாற்றித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.