நான் கொட்டிய சுண்ணாம்பு

காந்தலூர் ஓடைத் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு, கல்யாணமாகி வந்த சித்தூரில் போர் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அதுதான் கெடுதல் என்று நினைத்து, வெகுநேரம் கொதிக்கவைத்து, தெளிந்ததை மட்டும் மகளுக்கும் கொடுத்தேன். கண்ணை மூடிக் குடித்தால் ஊர்த் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

மகளுக்கு விழுந்து முளைத்த பற்களில் பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. பல் டாக்டரம்மாவிடம் போனோம்.

“நல்லாக் காய்ச்சி, அடியில படியுத சுண்ணாம்பக் கொட்டிட்டுத்தான் குடுக்கேன்” என்றேன் பெருமையாக.

“போர் தண்ணியில இருக்கற ஃப்ளோரைடுதானுங்க இந்தக் கறைக்குக் காரணம். காய்ச்சுனா அது போகாதுங்க. தண்ணி சுண்டச் சுண்ட ஏறத்தான் செய்யும். அந்தச் சுண்ணாம்பு இருந்தா, ஃப்ளோரைடு ஒடம்புல சேர்றதைக் கொஞ்சமாச்சும் தடுக்குமுங்க. அதையப் போய்க் கொட்டீட்டீங்களே!”

அன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் பஞ்சாயத்துக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர்தான். ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுகிறேன்.

அப்போது கைக்குழந்தையாக இருந்த சின்னவளுக்கு இப்போது முன்பல் விழுந்து முளைக்கிறது. தினமும் காலையில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். டார்ச் அடிப்பவள் பெரியவள்.

“வெள்ளையா இருக்கும்மா” என்று சிரிக்கிறாள், இன்னொரு கையால் தன் வாயை மூடிக்கொண்டு.