செருப்புக்கடைக்கு மேலே ஒரு கல்லூரி

பதுளையில் இன்று அடையாள அட்டைப் பிரதியை லேமினேட் செய்யக் கொடுத்தபோது எழுந்த சூடான பிளாஸ்டிக் வாடை, பண்டாரவளையில் செருப்புக்கடைக்கு மேலே இருந்து பின்னர் காணாமல் போன அந்தக் கல்வி நிலையத்தை நினைவூட்டியது. சுவர் முழுக்க லேமினேட் செய்து ஒட்டிய படங்களில் கறுப்பு அங்கிப் பட்டதாரிகள். ஒருவர்கூட எங்கள் பக்கத்து முகமில்லை. ஆசிரியையாக ஆசைப்பட்ட அக்காவைச் சேர்க்கப் போயிருந்தோம்.

“டிப்ளோமாவும் டிகிரியும் ஒன்னுதாங்க,” என்றார் மேசையில் இருந்தவர்.

தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கும் அப்பா விடவில்லை. “எங்க தூளுக்கே ஏழெட்டுப் பேரு இருக்குங்க. பேரு வேறன்னா சரக்கும் வேறதான்.”

“மானத்த வாங்காதீங்கப்பா,” என்று முணுமுணுத்தபடி அக்கா கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த தாளில் டிகிரியும் இல்லை, டிப்ளோமாவும் இல்லை. ‘பங்குபற்றியமைக்கான சான்றிதழ்’ என்றிருந்தது. அப்பா அதை முழுக்க வாசித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.