பள்ளிக்கரணைப் பேய் செம்பாக்கத்தில்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பேயைப் பார்க்கச் செம்பாக்கம் போயிருந்தேன். பட்டப்பகலில், சைக்கிளில்!

பேய், எங்கள் தெரு ஸ்டெல்லா டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாங்காயும் பூந்தொட்டியும் வரையக் கற்றுத் தருகிறவர். வீட்டுக்கு வந்துவிட்டால் வரைவதெல்லாம் கெட்ட கனவுகள்தான். அவரும் அவரைப் போல நாலு பேரும் சேர்ந்து வருகிற சனிக்கிழமை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். பேய், பூதம், மாயம் — எல்லாம் படமாக.

டீச்சரின் முக்கியமான படம் ஆளுயரம். பள்ளிக்கரணைச் சதுப்பு, விடிகிற நேரம். கோரைப்புல் நடுவே தண்ணீரிலிருந்து ஒரு பெண் முகம் எழும்புகிறது. கூந்தல் முழுக்கக் கொக்குகள் உறங்குகின்றன. கண்கள் மட்டும் உறங்கவில்லை... பார்த்துக்கொண்டே நின்றால் நம் காலும் நனைகிற மாதிரி ஒரு மயக்கம் வரும்.

ஆனால் டீச்சருக்கு ஒரு குறை.

"எல்லாரும் 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னு காபியைச் சொல்ற மாதிரி சொல்றாங்க சார். ஒருத்தர்கூடப் பயப்படலை. சனிக்கிழமையும் இப்படியே ஆச்சுன்னா பிரஷ்ஷைக் கீழே வெச்சுடுவேன்."

பெயின்ட் காய வீட்டில் இடமில்லை. செம்பாக்கத்தில் அவருடைய அண்ணன், ஒருவழியாக சிமெண்ட் பர்மிட் வாங்கி, வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே கொண்டுபோய், "பத்திரம்" என்று மட்டும் சொல்லி, மேஸ்திரியிடம் படத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

கட்டுகிற வீட்டுக்கு ஒரு பயங்கர முகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் மேஸ்திரி என்ன நினைப்பார்? மாடி சன்ஷேடுக்குக் கீழே, ரோட்டைப் பார்க்க, பூசணிக்காய்க்குப் பக்கத்தில் கட்டிவிட்டார். திருஷ்டிக்கு!

ஞாயிறன்று படத்தை எடுக்க டீச்சரோடு நானும் போனேன். மேஸ்திரி மறித்தார்.

"இன்னாம்மா, மாட்டினத அவுக்கச் சொல்றே? வூடு முடியறவரைக்கும் தொடக்கூடாது. அவுத்தா ஒரு ஆளு சாரம் ஏற மாட்டான்."

டீச்சருக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. அங்கே நின்றிருந்த அண்ணனிடம் திரும்பினார். "அண்ணா, நீயாவது சொல்லேன்!"

அண்ணன் வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது..." என்று இழுத்தார். "ஆனா, இருந்துட்டுப் போகட்டுமே ஸ்டெல்லா."

நம்பிக்கை இல்லாதவர்கள்தான் இந்த விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. கவனித்திருக்கிறீர்களா?

டீச்சர் கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தார். "கொம்பு, கோரைப்பல் எல்லாம் வெச்சு வேற படம் எழுதித் தரேன் மேஸ்திரி."

"கொம்பு வெச்சா யாரும்மா பயப்படுவாங்க? இத்தப் பாத்துத்தான் சித்தாளுங்க தலைய குனிஞ்சுகினு போறாங்க. அந்தப் பக்கம் திரும்ப எனக்கே பேஜாரா கீது."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தார். ரோட்டில் ஒரு பஸ் போனது. ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மா அண்ணாந்து பார்த்தாள்... சட்டென்று மடியிலிருந்த குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

"நிஜமாவே பயப்படறாங்க சார்!" டீச்சர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பக்கத்து ஏரியிலிருந்து வந்த காற்றில் படம் லேசாக ஆடியது. கொக்குகள் இதோ எழுந்து பறந்துவிடும் என்று தோன்ற, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

வெறுங்கையோடுதான் திரும்பினோம். சனிக்கிழமை போகிறவர்கள் கவனியுங்கள் — கண்காட்சி ஹாலின் நடுச்சுவர் காலியாக இருக்கும். டீச்சர் எழுதிய அட்டை ஒன்று மட்டும் தொங்கும்:

'இந்தப் பேய் செம்பாக்கத்தில் டியூட்டியில் இருக்கிறது.'