கச்சான் காற்றும் நீலப் புள்ளிக் கார்களும்

கார் கழுவுகிறவனுக்குச் சேறு எதிரியே இல்லை. எதிர் வளவில் ஒருவர் படகுக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கினால்தான் அவனுக்குச் சனி பிடிக்கிறது. நல்ல வெள்ளைக் காரை வேலியோரம் விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து பார்க்கையில் அது அம்மை போட்டதுபோல நிற்கக் கண்டவர்களுக்கு என் பாடு விளங்கும். விளங்காதவர்கள் கச்சான் வீசுகிற மாதங்களில் திருகோணமலை உள்துறைமுகக் கரைப்பக்கம் ஒருநாள் காரை நிறுத்திப் பார்க்கலாம். நான் அங்கேதான் நிற்பேன்.

காற்றும் பஞ்சாங்கமும்

நான் வேலை செய்வது நசீர் நானாவின் கார் கழுவும் கடையில். வீதிக்கு அந்தப் பக்கம், கடலோரமாக, கணேசண்ணையின் படகுப் பட்டறை. கச்சான் தண்ணீரைத் தாண்டி வந்து பட்டறைக்குள் புகுந்து, அவர் படகுக்கு விசிறுகிற நீலத்தில் பாதியை அள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வரும். கழுவித் துடைத்து நிறுத்திய கார், சொந்தக்காரர் வருவதற்குள் நீலப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். அதை எடுக்கவும் அவர் எங்களிடம்தானே வரவேண்டும்? ஊர் சும்மா இருக்குமா! "அவன் அடிக்கிறான், இவங்கள் துடைக்கிறாங்கள், ரெண்டு பகுதிக்கும் பங்கு" என்று கதை கிளம்பிவிட்டது. பழைய வாடிக்கைக்காரர்கள் எங்கள் கடையைத் தாண்டும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்தக் கதை இப்படியே நின்றால் கடையைப் பூட்டிவிட்டு அவரும் நானும் கிண்ணியாவில் மாடு மேய்க்க வேண்டியதுதான் என்றார் நானா.

கணேசண்ணையிடம் எடுத்துச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார். எனக்கோ குரல் குறைவு. பெயின்ற் விசிறுகிற கொம்பிறசரின் இரைச்சலில் நான் வாயசைப்பதைப் பார்த்து, பாட்டுப் பாடுகிறேன் என்று நினைத்து அவரும் தலையாட்டினார். ஒருவழியாக இரைச்சல் நின்றதும், "அண்ணை, காத்தில்லாத நேரமாப் பாத்து அடிக்கலாமே?" என்றேன். விடியுமுன்னே மூக்கை வெளியே நீட்டி, இன்றைக்குக் கடல் எப்படி என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். என்னைப் பாவம் பார்த்தார். "கடலுக்குப் போறதெண்டாத்தான் தம்பி காத்தைப் பாக்கிறது. பெயின்ற் அடிக்கிறதுக்குப் பஞ்சாங்கமெல்லோ பாக்கோணும்!"

மண் விளையாட்டு

ஊர்க்கதையைக் காதில் போட்டுக்கொண்டும் துணிந்து வந்தவர் ஒரு ரீச்சர். சிவப்புக் கார், மேலெல்லாம் நீலத் தூவல். "உங்கட கூட்டைப் பற்றிப் பிறகு கதைப்பம். முதல்ல இதை எடும்" என்றார். நான் காரைக் கழுவி, அவர் கையில் ஒரு பொலித்தீன் பையை மாட்டி, தடவிப் பார்க்கச் சொன்னேன். வெறுங்கைக்குப் பிடிபடாத புள்ளியும் பைக்குள்ளால் தெரியும். மீனை வாலிலிருந்து தலைக்குத் தடவியதுபோலச் சுரசுரக்கும். ரீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு நான் களிமண் கட்டியை எடுத்தேன். இதற்கென்றே விற்கிற களிமண்தான்; ஆனால் மண் என்று கேட்டதும் ரீச்சர் கைப்பையோடு காருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். சவர்க்காரத் தண்ணீரைத் தாராளமாக விசிறி, கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் வழுக்க விட்டால் போதும், புள்ளிகள் கட்டியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஊத்தையான பக்கத்தை உள்ளே மடித்துவிட்டுப் புதுப்பக்கத்தால் தொடரவேண்டும். கட்டி நிலத்தில் விழுந்தால் ஒரு மணல் போதும் கார் முழுக்கக் கோடிழுக்க, ஆகவே எறிந்துவிட வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்தேன். முடிந்ததும் அவர் பையை மாட்டிக்கொண்டு பொனற்றைத் தடவினார். இன்னொரு தரம் தடவினார். பிறகு பெருமூச்சு விட்டார். "இத்தனை வருசமா மண் விளையாடாதேங்கோ எண்டு எத்தினை பிள்ளையளை ஏசியிருப்பன்!"

தன் கையே தனக்குதவி

நிலாவெளிப் பக்கம் சுற்றுலா வான் ஓடுகிற ஒருவர், கள்ளன் வீட்டுக்கே போய்ப் பூட்டு வாங்குவதா என்று எங்களிடம் வரவில்லை. உச்சி வெயிலில், சுடச்சுட நின்ற வானைப் பெயின்ற் கரைக்கிற தின்னரால் தானே தேய்த்தார். புள்ளிகள் போயின. கூடவே மினுக்கமும் போனது. முன்விளக்குகள் இரண்டிலும் கண்புரை விழுந்தது. பின்கதவில் ஒட்டியிருந்த 'நம்பி ஏறுங்கோ' என்ற வாசகத்தில் 'ஏறுங்கோ' மட்டும் மிஞ்சியது.

வான் எங்கள் வாசலில் வந்து நின்றபோது நானாவே கதிரையை விட்டு எழுந்துவிட்டார், சாவீட்டுக்கு எழுவதுபோல. பொலிஷ் போட்டால் ஓரளவு தேறும் என்றேன். மனிதர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "தம்பி, பழையபடி அந்த நீலப் புள்ளியையே வச்சுத் தர ஏலாதோ?"

சவரம்

கண்ணாடிக்கு வேறு வைத்தியம். நன்றாக நனைத்து, புது பிளேட்டைச் சரித்துப் பிடித்து, ஒரே பக்கமாக வழிக்கவேண்டும். பெயின்றில் பிளேட் படவே கூடாது. உப்புவெளியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், காரைத் தனியே விட்டால் இன்னும் புள்ளி போட்டுவிடுவோமோ என்ற பயத்தில், இறங்கமாட்டேன் என்று ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

நான் முன்கண்ணாடியில் நுரை பூசி வழிக்கத் தொடங்க, உள்ளே அவர் நாடியை மெல்ல நிமிர்த்தினார். நான் இடப்பக்கம் போனால் கன்னத்தைத் திருப்பினார். மேல்விளிம்பில் வழிக்கையில் கண்ணை மூடிக்கொண்டார். நானா சிரிப்பை அடக்க ஏலாமல் தண்ணீர்க் குழாயோடு பின்பக்கம் ஓடிவிட்டார். நான் பக்கக் கண்ணாடியை நெருங்கியதும்தான் பெரியவர் வாய் திறந்தார். "மற்றதெல்லாம் சரி தம்பி, காது ரெண்டும் கவனம்!"

பொம்பிளைக் கார்

அப்படி இருக்கிற காலத்திலே கணேசண்ணையின் மகளுக்குக் கலியாணம் வந்தது. வீடு பட்டறைக்குப் பின்பக்கம். கலியாணப் பொம்பிளை கோயிலுக்குப் போக வெள்ளைக் கார் ஒன்று பிடித்து, பூமாலை சுற்றி, காலையிலேயே கொண்டுவந்து எங்கள் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். ஏன் இங்கே என்றால், பட்டறைப் பக்கம் விட்டால் பெயின்ற் பட்டுவிடுமாம்!

வருகிற சனம் படகையும் பார்க்குமல்லவா? பஞ்சாங்கமும் நல்ல நேரம் என்றது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு பூச்சு அடிக்கத் தொடங்கினார். நான் "அண்ணை! அண்ணை!" என்று வீதியைக் கடந்து ஓடினேன். கொம்பிறசருக்கு முன்னால் என் குரல் எந்த மூலைக்கு? பிளக்கைப் பிடுங்கியபோது பொம்பிளைக் கார் புள்ளிமானாகிவிட்டது.

மேளக்காரர் வந்துவிட்டார்கள். சனம் வீதியில் திரண்டது. "தின்னர்! தின்னர் கொண்டாங்கோ!" என்று கணேசண்ணை அலறினார். நான் காருக்கு முன்னால் கையை விரித்து நின்று, "வேண்டாம்" என்றேன். கொம்பிறசர் நின்றிருந்ததால் அன்றைக்குத்தான் என் குரல் வீதி முழுக்கக் கேட்டது. மாமன்மார் நாலு மூலையிலும் தறப்பாளைப் பிடித்து நிழல் போட்டார்கள். நானா தண்ணீர் அடித்தார். நான் களிமண்ணை வழுக்கினேன். கலியாணத்துக்கு வந்திருந்த ரீச்சர் சேலையை இழுத்துச் செருகி, "எனக்கும் ஒரு துண்டு தாரும்" என்றார். புதுப் பெயின்ற், இறுகவில்லை, சொன்னபடி வந்தது. கடைசிக் கதவைத் துடைத்து நிமிர்ந்தால், எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று, கலியாண வீட்டுக்காரர்போல நின்று, முன்பக்கத்துப் பூமாலையைச் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கூறைச்சேலையோடு பொம்பிளை வந்தாள். ரீச்சர் நீட்டிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டி பொனற்றைத் தடவினாள். "அப்பா, வழுக்குது!" என்று சிரித்தாள். நல்ல நேரம் தப்புவதற்குள் கார் மாலையில்லாமலே புறப்பட்டது. கூட்டத்தில் ஒருவர் மட்டும், "இதுவும் உங்கட கூட்டு வேலைதானோ?" என்று இழுத்தார். நானாவுக்கு முகம் செத்துவிட்டது. ஈரக் களிமண்ணை உருட்டிக்கொண்டு ரீச்சர் திரும்பினார். "கூட்டோ? கூட்டுச் சேர ஒரு திட்டம் வேணும் கண்டியளோ. பெத்த பிள்ளையின்ர காருக்கே அடிச்ச மனுசனுக்குத் திட்டமெண்டு ஒண்டு இருக்கும் எண்டோ நினைக்கிறியள்?"

சனம் சிரித்த சிரிப்பில் கதை அன்றோடு அடங்க, கணேசண்ணையும் பட்டறைக் கொடியில் உடுத்துப் பழசான சாரம் ஒன்றைக் கட்டி, காற்றில் அது எங்கள் பக்கம் ஆடினால் பெயின்ற் விசிறுகிற துவக்கைத் தொடுவதில்லை என்றாகிவிட்டதால், இப்போது எங்கள் கடைக்கு ஊரில் மிக நல்ல பெயர், புள்ளி போட்ட கார்தான் ஒன்றும் வருவதில்லை.